சீசாவும் நாற்காலியும்

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஒரு சீசாவைத் தேட வேண்டியிருந்த காலம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். அடுக்களை அலமாரியின் பின்வரிசையில் நல்லெண்ணெய் தீர்ந்து கிடந்த சீசாவோ, போன காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தின் வாடை இன்னும் போகாத சீசாவோ, எதுவானாலும் சாம்பலும் வெந்நீரும் விட்டுக் குலுக்கிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, மூடி தொலைந்திருந்தால் தாளைச் சுருட்டித் தக்கையாக அடைத்துக்கொண்டு கிளம்பினால்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கும். வெறுங்கையோடு வந்துவிட்டவர்களுக்காக வாசலில் காலிச் சீசா விற்கிற பாட்டி ஒருத்தி சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பாள். கம்பவுண்டர் துவாரத்தின் வழியே கையை நீட்டிச் சீசாவை வாங்கி, பெரிய ஜாடியிலிருந்து இளஞ்சிவப்பு மிக்சரை ஊற்றி, பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றைப் பசை தடவி ஒட்டித் தருவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்து வாசிக்காதவர்களும் தப்பில்லாமல் மருந்து குடிக்க அதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் சீசா கழுவுவது என் வேலை. நன்றாகக் கழுவினால்தான் ஆச்சிக்கு மருந்து பிடிக்கும் என்று அம்மா சொல்லிவைத்ததை முழுக்க நம்பிய வயது. கன்னடியன் கால்வாய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, பாபநாசத்து மலையிலிருந்து இறங்கி வந்த தாமிரபரணித் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு பொட்டுக் கசடும் இல்லை என்று பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஆச்சி எழுந்து நடமாடத் தொடங்கியதும், அதில் தனக்கும் பங்கு உண்டு என்று அந்தப் பையன் உறுதியாக நினைத்துக்கொண்டான். இப்போது அவனை நினைக்கையில் புன்னகை வருகிறது, கூடவே கொஞ்சம் ஏக்கமும் வருகிறது. இன்று என் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, குணமாவதில் எனக்கு என்ன பங்கு என்று அவனிடம்தான் கேட்கத் தோன்றுகிறது.

மேலுக்கு முடியலை என்றால் அந்தக் காலத்தில் அது ஒருத்தரோடு நிற்கிற சமாசாரமில்லை. வில்வண்டியிலோ திருநெல்வேலி–தென்காசி பாசஞ்சரிலோ நோயாளியோடு இன்னும் மூன்று பேராவது போவார்கள். டாக்டரய்யா, “எப்பருந்து தாயி?” என்று கேட்டால் ஆச்சி தேதி சொல்ல மாட்டாள். “ஆடித்தவசுக்குச் சங்கரன்கோயில் போயிட்டு வந்தோம்லா, அன்னைக்கு ராத்திரி தொட்டுதான்யா” என்று தொடங்குவாள். அங்கே என்ன சாப்பிட்டது, யார் வீட்டில் படுத்தது, விடியக்காலம் எத்தனை முறை எழுந்து வாசலுக்குப் போனது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். நடுவில் என் அத்தை, “இல்லம்மா, அதுக்கு முந்தின நாளே ஒனக்குக் கை கால் உளைச்சல் இருந்துதே” என்று திருத்துவாள். டாக்டரய்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பொறுமைசாலி என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. ஸ்டெதாஸ்கோப்பும் நாடி பார்க்கும் விரல்களும் தவிர அவரிடம் கருவி ஏது? ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லவேண்டியதை ஆச்சியின் வாய்தான் சொல்லவேண்டியிருந்தது. அவள் வாயைத் திறக்காவிட்டால் வைத்தியமே தொடங்காது.

1965ல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு, உள்ளூரில் தீராத எதற்கும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிதான் என்றாயிற்று. ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பாலம் 1843ல் சுலோசன முதலியார் தம் சொந்தச் சொத்திலிருந்து செலவழித்துக் கட்டியது என்பதை அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்லுவார், தூக்குவாளியில் கஞ்சி தளும்பாமல் பிடித்துக்கொண்டு நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பேன். ஊருக்கு வேண்டியதை ஊர்க்காரன் ஒருத்தனே செய்யலாம் என்ற எண்ணம் எனக்குள் முதலில் விழுந்த இடம் அந்தப் பஸ்ஸின் ஜன்னலோரம்தான். வார்டுக்குள் போனால் அங்கே இன்னொரு ஊர் இருக்கும். கட்டிலுக்கு மேலே நோயாளி, கட்டிலுக்குக் கீழே பாயை விரித்த துணையாள். பக்கத்துக் கட்டில்காரர் வீட்டிலிருந்து வருகிற சொதியில் நமக்கும் ஒரு கரண்டி உண்டு. குளுக்கோஸ் இறங்குவதை ஆள் மாற்றி ஆள் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்து, “சிஸ்டர், பாட்டில் முடியப் போவுது” என்று கூப்பிடுவது துணையாளின் பொறுப்பு. இரவு முழுக்க விசிறிவிட்ட கைகளும், நர்சம்மா சொன்ன நேரத்துக்கு மாத்திரைக்காக எழுப்பிவிட்ட குரல்களும் எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறியதில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி பாதி அவற்றால்தான் நடந்தது.

இவ்வளவு இனிப்பாகச் சொன்ன பிறகு நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டாக்டரய்யா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஆடித்தவசுக் கதை சொல்ல முடிந்தது என் ஆச்சிக்கு. எங்கள் வயலில் நடவு நட்ட பெண்கள் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தால் உட்கார மாட்டார்கள், உட்காரச் சொல்லவும் ஆளில்லை. சுவரோரமாக நின்று, முந்தானையை வாய்க்கு அணைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி, கையை நீட்டிச் சீசாவை வாங்கிக்கொண்டு போவார்கள். என்ன நோய் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை, கேட்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. நோயாளி பேசிய காலம் என்று நான் ஏங்குகிற காலம், சில நோயாளிகள் மட்டும் பேசிய காலம். பழையதை நினைத்து நெஞ்சு உருகும்போதெல்லாம் அந்தச் சுவரோரத்தையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் காலம் நகர்ந்தது. 1978 செப்டம்பரில் அல்மா ஆட்டா என்ற தூரத்து நகரத்தில் உலக நாடுகள் கூடி, தங்கள் உடல்நலத்துக்கான பணிகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும் கூட என்று அறிவித்தன. கால்வாய்க்கரையில் அந்தச் செய்தி யாருக்கும் வந்து சேரவில்லை. சீசா கழுவிக்கொண்டுதான் இருந்தோம். எங்களுக்கு வந்து சேர்ந்த மாற்றம் வேறு. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி, மருந்துகளை மொத்தமாக வாங்கிச் சோதித்து மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பத் தொடங்கியதும், அட்டையில் அடைத்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டன. மருந்து இல்லை என்ற பதில் குறைந்தது. இந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. பொட்டலம் மடிக்கிற கம்பவுண்டரின் விரல் வேகமும், பல் வெட்டிய காகிதப் பட்டையும், வாசலில் சாக்கு விரித்திருந்த பாட்டியும் எந்த நாளில் காணாமல் போனார்கள் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. நானும் குறிக்கவில்லை. கலப்படமில்லாத மருந்து ஏழைக்கும் கிடைக்கிறதே என்ற நிறைவோடு அந்த இழப்பைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நமக்கு லாபம்தான். ஆனாலும் அந்த இளஞ்சிவப்பு மிக்சரின் வாசனைக்கு மனசு இப்போதும் ஒருகணம் திரும்பிப் பார்க்கிறது.

மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பிரசவ அறையில் நடந்தது. என் அம்மா காலத்தில் பிரசவம் வீட்டில், மருத்துவச்சியின் கையில். உள்ளறையில் விளக்கெண்ணெய் விளக்கு, வாசலில் ஆண்களின் நடை, சுற்றிலும் நாலு பெண்களின் தைரியம். தாயும் பிள்ளையும் பிழைத்தால் தெய்வச் செயல், பிழைக்காவிட்டால் தலைவிதி. அடுத்த தலைமுறை ஆஸ்பத்திரிக்குப் போனது. உயிர் தப்பியது, ஆனால் அந்த நாலு பெண்களும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். வலியில் துடிக்கிற பெண்ணுக்குப் பிடித்துக்கொள்ளக் கட்டில் கம்பிதான் மிச்சம். ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் முகம் சுளித்ததற்குச் செலவை விட இந்தத் தனிமைதான் காரணம் என்பதை அவர்களோடு பேசிய எல்லாருமே அறிவார்கள். 2004 வாக்கில் தமிழ்நாடு அரசு, தாயோ அக்காவோ மாமியாரோ, கர்ப்பிணி விரும்புகிற பெண் துணை ஒருத்தி அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்குள் கூடவே இருக்கலாம் என்று அனுமதித்தது. கருவிகளோ பெரிய கட்டிடமோ தேவைப்படாத மாற்றம். கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். அந்த வருஷங்களில்தான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பும் நடத்தத் தொடங்கினார்கள். கலந்த சாதமும் கண்ணாடி வளையலும் சந்தனமுமாக, மாமியார்களையும் நாத்தனார்களையும் கூட்டிவந்து, பிரசவம் நடக்கப்போகிற இடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நம் வீட்டுச் சடங்கு ஒன்று அரசாங்கக் கட்டிடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டதை நான் முதலில் பார்த்தபோது கண் கலங்கினேன். வீட்டில் நடந்ததில் நல்லதும் ஆஸ்பத்திரியில் நடந்ததில் நல்லதும் ஒரே மணைமேல் உட்கார்ந்திருந்தன.

கண் விஷயத்திலும் ஊரும் ஆஸ்பத்திரியும் இப்படிச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறோம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1918ல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்தவர்; அன்றைய திருநெல்வேலி ஜில்லாக்காரர். 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988ல் நெல்லைக்கும் வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் முகாம் நடத்தி, கண்புரை இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். ஆபரேஷன் இலவசம் என்று சொன்னால் மட்டும் போதாது என்பதை அவர்கள் நோயாளிகளிடமிருந்தே தெரிந்துகொண்டார்கள். பஸ் சார்ஜுக்கு எங்கே போவது, கூட வருகிறவனின் ஒருநாள் கூலி என்ன ஆவது, வெளியூரில் யார் சோறு போடுவார்கள் என்றெல்லாம் கிராமத்துக் கிழவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகத்தான் அந்த ஏற்பாடே உருவானது. முகாமுக்குச் செலவழித்ததும், தண்டோரா போட்டதும், வரிசை நிறுத்தியதும் உள்ளூர்க்காரர்கள். பச்சை நிற மறைப்பைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, பேரன் முகத்தைத் தடவாமலே அடையாளம் சொன்ன பாட்டி ஒருத்தி தெருவில் இருந்தால் போதும், அடுத்த முகாமுக்கு வேறு விளம்பரமே வேண்டியதில்லை.

இன்றைக்கு ரத்தக்கொதிப்புக்கும் சுகருக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வருகிறவர்கள் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள். 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வருகிற பெண்ணை அவள் பாவாடை கட்டித் திரிந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். “தாத்தா, சட்டைக் கையை ஏத்துங்க” என்று கருவியைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, “நேத்து கருவாடு தின்னிய போல” என்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், “ஒங்க வீட்டு வாசன தெருமுக்கு வரைக்கும் வந்துதே” என்கிறாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரய்யாவை எனக்கு நினைவூட்டுகிறவள் இவள்தான். ஜங்ஷன் பக்கம் குளிரூட்டிய அறைகளில் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்னே ஆறு பரிசோதனைக்கு எழுதித் தருகிற இடங்களில் எனக்கு அந்தக் கேட்கும் காது கிடைக்கவில்லை.

உரிமைக்கும் இன்று குறைவில்லை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995ல் தீர்ப்புச் சொன்னது. தன் நோயைப் பற்றி அறியவும், தன் ஆவணங்களின் நகலைப் பெறவும், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு என்பது உட்பட 17 உரிமைகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் சாசனமாகத் தொகுத்தது. அவற்றை விட எனக்குப் பெரிதாகப் படுவது, உட்காருவதற்கு ஒரு நாற்காலி வந்திருப்பதுதான். 1994 வாக்கில், பிளேக் பீதிக்குப் பிறகு, இந்தூரின் அரசு ஆஸ்பத்திரி ஒன்றை எலிகளிலிருந்தும் குப்பையிலிருந்தும் மீட்க ஊர்க்காரர்களைக் கூட்டித் தொடங்கிய ஒரு சங்கம்தான், 2005ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்த பிறகு நாடு முழுக்கப் பரவி, நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கமாக இருக்கிறது. கிராமத்தில் சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக்கென்று ஒரு குழு உண்டு. ஊராட்சித் தலைவர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரோடு, தாய்மார்களும் நாள்பட்ட நோய்க்காரர்களும் அதில் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், தாழ்த்தப்பட்டோர் விட்டுப்போகக் கூடாது என்று வழிகாட்டு நெறியே சொல்கிறது. ஊருக்குத் தேவையானதை ஊரே தீர்மானித்துச் செலவழிக்க வருஷத்துக்கு 10,000 ரூபாய் நிதியும் வகுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2007ஐ ஒட்டிய வருஷங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், கிராமத்தார் உட்கார்ந்து தங்கள் சுகாதாரப் பணிகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்பெண் அட்டையே போட்டுப் பார்த்தார்கள். உலக வங்கிக் கடனோடு 2019ல் தொடங்கிய சீர்திருத்தத் திட்டத்தில் மாவட்ட சுகாதாரப் பேரவை என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. முந்தானையை வாய்க்கு அணைத்து நின்ற அந்தப் பெண்ணின் பேத்திக்கு, டாக்டருக்குச் சமமாக மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார விதிப்படி இடம் உண்டு. என் வாழ்நாளில் நடந்த நல்லவற்றில் இதற்கு ஈடாக நான் சொல்லக்கூடியது அதிகமில்லை.

அந்த நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. குழு இருப்பதே தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், கையெழுத்துக்கு நோட்டு வீடு தேடி வரும், போட்டுக் கொடுத்தால் போயிற்று என்று இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் சீசா கழுவினோம், கஞ்சி சுமந்தோம், விசிறினோம். இப்போது எல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவதால் கேட்க வேண்டியது எதுவுமில்லை என்று இருந்துவிட்டோம். இருக்கிறதா, இல்லையா என்று பீடி சுற்றுகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் இது. மேலப்பாளையத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை எத்தனை திண்ணைகளில் சொளகை மடியில் வைத்துக் குனிந்திருக்கிறார்கள். புகையிலைத் தூள் மூக்கில் ஏறி ஏறி வருகிற இருமலும், முதுகிலும் கழுத்திலும் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்ட வலியும் அவர்களுக்கு நோய்க் கணக்கிலேயே சேர்வதில்லை. எங்கள் தெருவில் ஒருத்தியிடம் ஏன் சுகாதார நிலையத்துக்குப் போவதில்லை என்று கேட்டேன்.

“எங்கண்ணாச்சி போவ? காலையில இல வெட்டணும், மத்தியானம் சுத்துனத கட்டி கடையில கொண்டு போடணும். நான் ஒழிஞ்சு வர்ற நேரத்துக்கு டாக்டரம்மா போயிருவாவ. பொழுதுசாய ஒரு மணி நேரம் இருந்தாவன்னா ஊர்ல பாதிப் பொம்பளைய வருவோம்.”

நகர்ப்புற சுகாதார நிலையங்களில் மாலை நேர ஓ.பி. நடக்கிறதே, வாரத்துக்கு ரெண்டு நாளாவது கிராமத்துக்கும் கேட்கலாமே என்று சொன்னேன். “கேக்கலாமா?” என்றாள். அவள் கேட்கலாம், அவள்தான் கேட்க வேண்டும். அந்த மாலை நேரத்தின் அவசியத்தை அவள் அளவுக்கு எந்த அதிகாரியும் எடுத்துச் சொல்ல முடியாது.

அக்டோபர் 2ல் கிராம சபை. குழுவின் உறுப்பினர் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன், பீடி சுற்றுகிறவர்கள் சார்பில் அதில் ஒரு பெயராவது சேர வேண்டும் என்றும், குழுக் கூட்டத்தைச் சாயங்காலம் பீடி போட்டு முடிந்த பிறகு வைக்க வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். எங்கள் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாலை ஓ.பி. பற்றித் தீர்மானம் எழுதி எடுத்துவரட்டுமா என்று கேட்டதற்கு, “நீங்க எழுத வேண்டாம் அண்ணாச்சி, நாங்களே சொல்லுதோம், அவுக எழுதிக்கிடட்டும்” என்று அவள் சொல்லிவிட்டாள்.